தாமரையை எங்கே வெட்டுகிறோம் என்பதுதான் கணக்கு

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இது: தோட்டத்தில் 4 மீட்டருக்கு 3 மீட்டர் அளவில் ஒரு குளம். அடியில் ஷீட் விரித்து, மேலே ஒரு சாண் உயரத்துக்கு மண் போட்டிருக்கிறீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒரே ஒரு தாமரைக் கிழங்கை அந்த மண்ணில் ஊன்றினீர்கள். முதல் வருஷம் ஆறேழு பூ. இந்த வருஷம் தண்ணீரே தெரியாத அளவுக்கு இலை, பூவோ இரண்டோ மூன்றோதான். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. செடியை அழிக்க மனமில்லை, இப்படியே விடவும் முடியவில்லை. என்ன செய்வது?

செடிக்கு நோய் எதுவும் இல்லை. தாமரை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. நேராக மண்ணில் ஊன்றியதுதான் சிக்கல்.

நாம் பார்ப்பது இலையையும் பூவையும். உண்மையான செடி சேற்றுக்குள் படுத்துக் கிடக்கிறது. கிழங்கின் முனைக் குருத்திலிருந்து விரல் பருமனில் ஒரு தண்டு கிளம்பிச் சேற்றுக்குள் படுக்கையாக ஓடும். ஒவ்வொரு கணுவிலும் கீழே வேர், மேலே ஒரே ஒரு இலை. பூ வந்தால் அதே கணுவிலிருந்து, அந்த இலைக்குப் பக்கத்திலேயே வரும். கணுக்களிலிருந்து கிளைத் தண்டுகளும் பிரியும். சூடும் வெயிலும் இருந்தால் ஒரே பருவத்தில் பல மீட்டர் ஓடிவிடும். பகல் நேரம் குறையத் தொடங்கியதும் தண்டுகளின் முனைகள் பருத்துக் கிழங்காகும். நீங்கள் ஊன்றியது ஒன்று என்றாலும் இப்போது அடியில் பத்துப் பதினைந்து கிழங்குகளாவது இருக்கும், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. பூ குறைந்ததற்குக் காரணமும் இந்த நெரிசல்தான். ஒரு இலையின் வெயிலை இன்னொன்று மறைக்கிறது, இருக்கிற சத்தை எல்லாத் தண்டுகளும் பங்கு போடுகின்றன.

நீரின் ஆழத்தை வைத்துத் தடுக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். தோட்டக் குளத்தில் அது நடக்காது. இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்தும் தாமரை எழுந்து வரும், காம்பை நீட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

சரி, வெட்டலாமா? வெட்டலாம். ஆனால் கத்தரியை எடுப்பதற்கு முன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். என் அனுபவத்தில் தாமரை வளர்க்கிறவர்கள் பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒரு இலைக்காம்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே சின்னதும் பெரியதுமாகக் குழாய்கள் தெரியும். கிழங்கை வெட்டினாலும் அதே குழாய்கள்தான், இன்னும் அகலமாக. இவை மூச்சுக்குழாய்கள். சேற்றில் காற்று கிடையாது, ஆனால் வேருக்கும் கிழங்குக்கும் ஆக்ஸிஜன் வேண்டும். வெயிலில் சூடாகும் இலைப்பரப்பு காற்றை உள்ளே இழுத்து, லேசான அழுத்தத்தில் காம்பு வழியாகக் கீழே தள்ளுகிறது. அது தண்டு வரை போய்விட்டு வேறு குழாய் வழியாகத் திரும்பி, இலையின் நடுவில் இருக்கும் வெளிறிய வட்டத்தின் வழியாக வெளியேறுகிறது. நம்பிக்கை இல்லையென்றால் நல்ல வெயில் நேரத்தில் ஒரு இலையின் நடுக்குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அந்த வட்டத்திலிருந்து குமிழ் குமிழாகக் காற்று வரும். முதல் தடவை பார்த்தபோது அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இப்போது வெட்டுக்கு வருவோம். காம்பை நீர்மட்டத்துக்கு மேலே வெட்டினால் குழாய்களின் வாய் காற்றில் இருக்கும், செடிக்குப் பெரிய நஷ்டமில்லை. நீருக்குக் கீழே வெட்டினால் குழாய்களில் தண்ணீர் இறங்கும். ஒன்றிரண்டு காம்பு என்றால் வளர்ந்த செடி தாங்கிக்கொள்ளும். நிறைய காம்புகளை அப்படி வெட்டினால் சேற்றுக்குள் இருக்கும் தண்டு மூச்சுத் திணறி அழுகும். அதாவது வைத்துக்கொள்ள நினைக்கும் செடியை நீருக்கு மேலே வெட்ட வேண்டும், ஒழிக்க நினைக்கும் செடியை நீருக்குக் கீழே வெட்ட வேண்டும். எனக்கு இது தெரியாத காலத்தில், ஒரு தொட்டித் தாமரையில் பழுத்த இலைகள் அசிங்கமாக இருக்கின்றன என்று கையை உள்ளே விட்டு அடியோடு அடியாக எல்லாவற்றையும் நறுக்கினேன். மூன்றாவது வாரம் தொட்டியிலிருந்து அழுகல் நாற்றம் வந்தது. கிழங்கு கூழாகியிருந்தது.

இப்போது வளர்ச்சிப் பருவம் என்பதால், உடனே செய்யவேண்டியது இலைகளைக் கலைப்பதுதான், அதாவது நெரிசல் குறையும்படி சிலவற்றை வெட்டி எடுப்பது. ஒரே நாளில் மொட்டை அடித்துவிடாதீர்கள். பழைய, ஓரம் காய்ந்த, மற்ற இலைகளுக்கு அடியில் மாட்டிக்கொண்ட இலைகளை முதலில் எடுங்கள். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பத்து நாள் விட்டு மறுபடி பாருங்கள். குளத்தின் பரப்பில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையில் இலை இருந்தால் போதும். அந்த நிழல் பாசியை அடக்கும், மீனுக்கும் வெயிலிலிருந்து ஒதுங்க இடம் கிடைக்கும்.

மீன் மேலே வந்து வாயைத் திறப்பதைச் சாதாரணமாக விடாதீர்கள். செடி நிறைய இருந்தால் ஆக்ஸிஜனும் நிறைய இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். தாமரையின் நிற்கும் இலைகள், அதாவது நீருக்கு மேலே காம்பில் எழுந்து நிற்பவை, ஆக்ஸிஜனைக் காற்றில்தான் விடுகின்றன, குளத்து நீருக்கு அதனால் பயனில்லை. மாறாக இலைக்கூரை வெளிச்சத்தை மறைப்பதால் நீருக்குள் ஆக்ஸிஜன் உண்டாக்கும் செடிகள் நலிந்துபோகும், விழுந்த இலைகள் அழுகும்போது இருக்கிற ஆக்ஸிஜனையும் தின்னும். இரவு முழுக்கக் குறைந்துகொண்டே வந்து விடியலில் அடிமட்டத்தைத் தொடும். உங்கள் மீன்கள் அந்த நேரத்தில் தவிப்பது அதனால்தான். இலைகளைக் கலைத்து முடிக்கும் வரை இரவில் ஒரு ஏர் பம்ப் ஓடட்டும். வெட்டிய இலைகளை, மிதக்கும் துண்டுகள் உட்பட, அன்றைக்கே வெளியே எடுத்துவிடுங்கள்.

அப்புறம், மேலே இருக்கும் இலைகளை வைத்தே கீழே தண்டு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்கலாம். ஒரு கணுவுக்கு ஒரு இலை என்பதால் இலைகள் ஏறக்குறைய ஒரு வரிசையில் நிற்கும். வரிசையின் ஒரு முனையில் பெரிய முற்றிய இலை இருக்கும், மறுமுனையில் இன்னும் சுருள் பிரியாத இலை இருக்கும். அந்தச் சுருள் இலைக்குச் சற்று முன்னால் சேற்றுக்குள் ஓடும் குருத்து இருக்கும். அது எந்தப் பக்கம் போகக் கூடாது என்று நினைக்கிறீர்களோ அங்கே கையை விட்டுத் தேடிப் பிடித்து, மெதுவாக வளைத்துத் திருப்பி விடலாம். மெதுவாக என்றால் நிஜமாகவே மெதுவாக, ஏனென்றால் குருத்து பிஞ்சு வெண்டைக்காய் போலப் பட்டென்று முறியும். வளர்ந்த செடியில் ஒரு முனை முறிந்தால் கவலையில்லை, பின்னாலிருந்து கிளை வரும். புதிதாக ஊன்றிய கிழங்கில் இருக்கும் ஒரே குருத்து முறிந்தால் பெரும்பாலும் அந்தக் கிழங்கே போச்சு.

இலையைக் கலைப்பது தற்காலிக நிவாரணம்தான். நிரந்தரத் தீர்வு, செடியை மண்ணிலிருந்து எடுத்துத் தொட்டிக்குள் அடைப்பது. அதற்குக் காலம் இதுவல்ல. இலைகள் தாமாகப் பழுத்துச் சாய்ந்து, செடி ஓய்வெடுக்கும் பருவத்தில் கிழங்குகள் முற்றியிருக்கும், புதுக் குருத்து இன்னும் ஓடத் தொடங்கியிருக்காது. குளிர் கடுமையான இடம் என்றால் குளிர் முடிந்து, குருத்து அசையும் முன் செய்யுங்கள். நீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் தாமரை விழித்துக்கொள்ளும், அதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும்.

மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, நீரைக் கணுக்கால் அளவுக்கு இறக்கிவிட்டுக் கையால் தேடுங்கள். மண்வெட்டி வேண்டாம், கிழங்கும் நறுக்கப்படும், ஷீட்டும் கிழியும். காய்ந்த காம்பைப் பிடித்துக்கொண்டே கீழே போனால் தண்டு அகப்படும், தண்டைப் பிடித்துக்கொண்டே போனால் முனையில் கிழங்கு அகப்படும். ஷீட்டின் மடிப்புகளுக்குள் கட்டாயம் பாருங்கள், குருத்து அங்கே நுழைந்து ஒளிந்துகொள்ளும். இரண்டு மூன்று கணுக்களும் முனை முறியாத குருத்தும் உள்ள நல்ல கிழங்குகளாக இரண்டைத் தேர்ந்தெடுத்து ஈரத்தில் வையுங்கள். மீதி எல்லாம் வெளியே போகட்டும். எவ்வளவு கவனமாக எடுத்தாலும் சில துண்டுகள் தங்கிவிடும், கணு இருக்கும் துண்டு முளைக்கவும் செய்யும். அடுத்த பருவத்தில் அங்கங்கே நாணயம் போலச் சின்ன மிதக்கும் இலைகள் தலைகாட்டும்போது, வாரம் ஒருமுறை நீருக்குக் கீழே கிள்ளிவிடுங்கள். நிற்கும் இலை வரும் வரை விடக் கூடாது. துண்டில் இருக்கும் சேமிப்பு தீர்ந்ததும் அது ஓய்ந்துவிடும். சோம்பேறித்தனமாக ஒரு மாதம் விட்டால் மறுபடி பழைய கதைதான்.

களைக்கொல்லி தெளித்தால் என்ன என்று கேட்பீர்கள். நான் அந்தப் பக்கம் போகமாட்டேன். தாமரை இலைத் தண்ணீர் போல என்கிறோமே, மருந்துக்கும் அதே கதிதான், முத்து முத்தாக உருண்டு குளத்தில் விழும். இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகளும் அவற்றின்மேல் மெழுகும் இருப்பதால் நீர் ஒட்டுவதில்லை. ஜெர்மானியத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் 1997இல் இதை விரிவாக விளக்கினார், இன்று தானாகத் துப்புரவாகிக்கொள்ளும் பெயின்ட் வரைக்கும் இந்தத் தத்துவம் போயிருக்கிறது. மருந்தை அந்த இலையில் ஒட்டவைக்க ஒட்டுப்பொருள் கலக்க வேண்டும். நிலத்துக்கென்று விற்கும் களைக்கொல்லிகளில் சேர்க்கும் சில ஒட்டுப்பொருள்கள் மீனுக்கும் தவளைக் குஞ்சுக்கும் நஞ்சு. நீருக்கென்று அனுமதி பெற்றவை தனியாக உண்டு, ஆனால் இந்த அளவுக் குளத்துக்குக் கையும் கத்தரியும் போதும்.

தொட்டி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பெரிய ரகத் தாமரைக்கு 60 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் ஆழம், வட்ட வடிவம், அடியில் ஓட்டை கூடாது. வட்டம் ஏன் என்றால், ஓடும் குருத்து சுவரைத் தொட்டதும் அதையொட்டிச் சுற்றிச் சுற்றி வரும். சதுரத் தொட்டியில் மூலையில் முட்டிக்கொண்டு முறியும் அல்லது மேலேறி வெளியே எட்டிப்பார்க்கும். ஓட்டை இருந்தால் அதன் வழியாகத் தப்பித்துப் போய்விடும், இதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தொட்டியைக் குளத்தின் அடியில் முழுக்க மூழ்கடித்து வைப்பதுதான் வழக்கம். அப்படி வைத்தால் நெரிசல் வந்ததும் தண்டு விளிம்பைத் தாண்டிக் குளத்துக்குள் குதிக்கும், வாரா வாரம் பார்த்து உள்ளே திருப்பிவிட வேண்டியிருக்கும். நான் செய்வது வேறு. அடியில் செங்கல் அடுக்கி, தொட்டியின் விளிம்பு குளத்து நீர்மட்டத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே நிற்கும்படி வைக்கிறேன். பார்வைக்கு விளிம்பு கொஞ்சம் உறுத்தும், இலை வளர்ந்ததும் மறைந்துவிடும். தொட்டிக்குள் இருக்கும் தண்ணீர் தனி என்பதால் கோடையில் தினமும் ஊற்ற வேண்டும். அந்தச் சிரமத்துக்குப் பதிலாகக் குளம் முழுவதும் உங்கள் கையில் இருக்கும்.

மண் கனமான களிமண்ணாகவோ வண்டலாகவோ இருக்கட்டும். கடையில் விற்கும் தென்னை நார்க் கலவை, மட்கிய உரக் கலவை எல்லாம் மிதக்கும், நீரைக் கலக்கும். பச்சைச் சாணம் போட்டால் அடியில் நொதித்துக் கிழங்கை அழுகவைக்கும். 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு மண் போட்டு, கிழங்கைச் சுவரோரமாகப் படுக்கைவாட்டில் வைத்து, குருத்து முனை லேசாகக் கீழ்நோக்கி இருக்கும்படி மூன்று நான்கு சென்டிமீட்டர் மண் மூடுங்கள். கிழங்குக்குள் காற்று இருப்பதால் மிதக்கப் பார்க்கும், வழவழப்பான ஒரு கல்லை நடுப்பகுதியில் வைத்தால் அடங்கும். முதலில் மேலே ஐந்து சென்டிமீட்டர் நீர் போதும், நீர் சீக்கிரம் சூடாகும், செடி சீக்கிரம் எழும். இலைகள் உயர உயர நீரையும் உயர்த்தலாம். தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். அது இல்லாத இடத்தில் தாமரை இலையாகவே காலத்தை ஓட்டிவிடும்.

உரம் போடுவதில் அவசரம்தான் எமன். மிதக்கும் இலைகள் மட்டும் இருக்கும்போது உரம் போட்டால் இளம் வேர் கருகும். நான்கைந்து நிற்கும் இலைகள் வந்தபிறகு, மெதுவாகக் கரையும் உரமாத்திரையைக் குருத்து இல்லாத இடமாகப் பார்த்து ஒரு விரல் ஆழத்துக்குக் குறையாமல் புதைத்து மூடுங்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும், பகல் குறையத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். புது இலைகள் சிறுத்து, நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் வந்தால் பசி. ஓரம் தீய்ந்தது போல இருந்தால் பெரும்பாலும் அதிகம் போட்டுவிட்டீர்கள். யூரியாவை நீரில் தூவும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், பாசிக்கும் மீன் சாவுக்கும் அதுதான் அழைப்பிதழ்.

பூவைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு பூ மூன்று நான்கு நாள்தான். முதல் நாள் காலையில் கிண்ணம் போலப் பாதி திறந்து மூடிவிடும், இரண்டாம் நாள் முழுக்க விரியும், அப்புறம் இதழ் உதிரத் தொடங்கும். பூத்திருக்கும் நாள்களில் அது தன் உள்வெப்பத்தைத் தானே ஏற்றி வைத்துக்கொள்கிறது. வெளியே காற்று 10 டிகிரி இருந்தபோதும் பூவுக்குள் 30க்கும் 36க்கும் இடையில் இருந்ததை ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு தாவரவியல் பூங்காவில் அளந்து 1996இல் வெளியிட்டார்கள். மகரந்தம் சேர்க்கும் வண்டுகளுக்கான வெதுவெதுப்பான அறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதழ் உதிர்ந்ததும் நடுவில் நிற்கும் பொகுட்டை, அதாவது விதைகள் இருக்கும் பகுதியை, முற்றவிடாமல் வெட்டிவிடுங்கள், நீருக்கு மேலேதான். செடியின் சக்தி விதைக்குப் போகாது என்பது ஒரு லாபம். பெரிய லாபம் வேறு: தாமரை விதை சேற்றில் விழுந்தால் காத்திருக்கும் காலத்துக்குக் கணக்கே இல்லை. ஜப்பானில் இச்சிரோ ஓகா என்ற தாவரவியலாளர் 1951இல் சிபா பகுதியின் பழைய கரிமண் படிவிலிருந்து எடுத்த விதை, ஏறக்குறைய 2000 வருஷம் பழையது என்று மதிப்பிடப்பட்டது, முளைத்து மறுவருஷமே பூத்தது. சீனாவில் வறண்டுபோன ஒரு ஏரிப் படுகையில் கிடைத்து முளைத்த விதையின் வயதைக் கார்பன் முறையில் நேரடியாகக் கணக்கிட்டதில் ஏறக்குறைய 1300 வருஷம் வந்தது. நீங்கள் கிழங்கை எல்லாம் எடுத்து முடித்து நிம்மதியாக இருக்கும்போது, சேற்றில் கிடக்கும் பழைய விதை ஒன்று ஓடு தேய்ந்து என்றைக்காவது எழுந்துவரலாம். விதையிலிருந்து வரும் செடி தாயைப் போலவே பூக்கும் என்ற உறுதியும் இல்லை.

பூச்சிகளில் அசுவினிதான் முக்கியத் தொல்லை, இளம் காம்பிலும் மொட்டிலும் கறுப்பாக அப்பியிருக்கும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்து நீரில் தள்ளிவிட்டால் சிறு மீன்கள் பார்த்துக்கொள்ளும். எண்ணெய் கலந்த தெளிப்பு தாமரை இலையைக் கெடுக்கும். கோய் மாதிரி பெரிய மீன்கள் இருந்தால் அவை மண்ணைக் கிண்டிக் குருத்தை முறிக்கும், விளிம்பு உயர்ந்த தொட்டி அதற்கும் பாதுகாப்பு.

இவ்வளவு வேலை வேண்டாம் என்று தோன்றினால் இரண்டு வழி உண்டு. கிண்ணத் தாமரை என்று சொல்லப்படும் குட்டி ரகங்கள் 30 சென்டிமீட்டர் தொட்டியிலேயே பூக்கும். அல்லது அல்லிக்கு மாறலாம், அதன் கிழங்கு தாமரை போல ஓட்டப்பந்தயம் நடத்தாது. இரண்டும் பார்க்க உறவு போலத் தெரிந்தாலும் வகைப்பாட்டில் வெகுதூரம். அல்லி இலையில் ஒரு பிளவு இருக்கும், தாமரை இலை முழு வட்டம், இதை வைத்தே வாங்கும்போது கண்டுகொள்ளலாம். பெயரில் தாமரை இருக்கிறதே என்று ஆகாயத்தாமரையை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள். ஊதாப் பூ அழகுதான், ஆனால் தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பிப் பாதி உலகத்தின் நீர்நிலைகளை மூடிய செடி அது, பல நாடுகளில் வளர்க்கவே தடை.

கடைசியாக, எடுத்த கிழங்குகளை என்ன செய்வது? ஆற்றிலோ ஏரியிலோ ஓடையிலோ போடக் கூடாது, உங்கள் குளத்தில் நடந்தது அங்கே நடந்தால் கலைக்க யாரும் வரமாட்டார்கள். நீரிலிருந்து தள்ளி வெயிலில் பரப்பி, கையால் உடைத்தால் நொறுங்கும் அளவுக்குக் காயவிட்டு அப்புறம் உரக்குழியில் போடுங்கள். கேட்கிற நண்பர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால், கிழங்கோடு ஒரு தொட்டியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.